விகன் நகருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் மணிலாவில் இறங்கி, அங்கிருந்து ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். வடக்கே, லூசோன் தீவின் மேற்குக் கரையில், மணிலாவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டரில் விகன் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. இலோகோஸ் சூர் மாகாணத்தின் தலைநகரம். உள்ளூர்க்காரர்கள் சொல்லும்போது அது 'பீகன்' என்றுதான் காதில் விழும். ஸ்பானியர்கள் 1572ல் வந்து, நடுவில் சதுக்கம், அதைச் சுற்றித் தேவாலயமும் அரசு மாளிகையும், அங்கிருந்து நேர்நேராகத் தெருக்கள் என்று கட்டம் போட்டு எழுப்பிய ஊர். அந்தக் கட்டம் இன்றும் கலையவில்லை. 25 தெருக்களில் 233 பழைய கட்டடங்கள் நிற்கின்றன. ஆசியாவில் ஸ்பானியர்கள் திட்டமிட்டுக் கட்டிய நகரங்களில் மிக நன்றாக மிஞ்சியிருப்பது இதுதான் என்று சொல்லி 1999ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் முதல் முறை போனது ஒரு வேன் சுற்றுலாவில். பகல் 11 மணிக்கு இறக்கிவிட்டு 3 மணிக்கு ஏற்றிக்கொண்டார்கள். வெயில், கூட்டம், வரிசையாக நினைவுப்பொருள் கடைகள். மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த முறை அங்கேயே தங்கி, விடிகாலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்தேன். ஒரு வயதான அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு சன்னல் சர்ரென்று நகர்ந்து திறந்தது. அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. இந்த ஊரைப் பார்ப்பதற்கான வழி அந்தக் காலைப்பொழுதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு ஏற்றபடி திட்டமிடுவது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு

குறைந்தது இரண்டு இரவு வையுங்கள். ஒரே இரவுதான் முடியும் என்றால் அதையாவது கட்டாயம் அங்கேயே தங்குங்கள். பகலில் வந்து பகலிலேயே திரும்புவது வேண்டாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் இல்லை, வெயிலும் தாங்கக்கூடியது. மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் சூறாவளியும் வரும் காலம். அப்போது போனால் பயணத்தில் ஒரு நாளாவது கையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், பேருந்து நின்றுபோனால் தவிக்க வேண்டாம். ஜனவரி 25 ஊர்த் திருவிழா, புனித பவுலின் மனமாற்றத் திருநாள். மே மாதத் தொடக்கத்தில் கலைவிழா நடக்கும். புனித வாரத்தில் சிலைகளைத் தேரில் வைத்து ஊர்வலம் எடுப்பார்கள், பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் இந்த மூன்று சமயங்களிலும் அறை கிடைப்பது கஷ்டம், பெரிய வெள்ளியன்று பல கடைகள் மூடியிருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு தேதி பாருங்கள். என்னைக் கேட்டால் நவம்பர் மாதத்து வாரநாட்கள்.

போய்ச் சேர்வது

விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. தூதரக அறிவிப்பைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இ-டிராவல் என்ற இணையப் பதிவை நாட்டுக்குள் இறங்குவதற்கு முன் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் கிடையாது, மூடிவிடுங்கள்.

மணிலாவிலிருந்து இரவுப் பேருந்துதான் நல்ல வழி. குபாவோ, பாசாய் பகுதிகளில் உள்ள நிலையங்களிலிருந்து வடக்கே போகும் பேருந்துகள் கிளம்புகின்றன. 8 முதல் 10 மணி நேரம் ஆகும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஏறினால் பொழுது விடியும் நேரத்தில் இறங்கலாம். விகனுக்கு வடக்கே உள்ள லவோக் நகரின் பெயரைப் பலகையில் போட்ட பேருந்துகளும் பெரும்பாலும் விகன் வழியாகவோ அதன் விளிம்பைத் தொட்டோதான் போகும். ஏறும்போதே 'விகன் ஊருக்குள் போகுமா' என்று நடத்துநரிடம் கேளுங்கள். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால் அங்கிருந்து டிரைசைக்கிள், அதாவது பக்கத்தில் பயணிகள் உட்காரும் பெட்டி இணைத்த மோட்டார் சைக்கிள், பிடிக்க வேண்டியிருக்கும். பேருந்துக்குள் ஏசி எலும்பைத் துளைக்கும், ஒரு போர்வையோ கனமான சட்டையோ கையோடு இருக்கட்டும்.

விமானத்தில் போக நினைப்பவர்கள் லவோக் வரை பறக்கலாம், ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் சாலையில் வர வேண்டும். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

பழைய நகரப் பகுதிக்குள்ளேயே தங்குங்கள். பழைய வீடுகள் பலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். அகலப் பலகை பாவிய மாடி, கட்டை குட்டையான மரப்படி, சிப்பிச் சன்னல். ஒரு தடவை அதில் படுத்து எழுந்தால் வீட்டின் அமைப்பு உடம்புக்கே தெரிந்துவிடும். ஆனால் மரத்தரையில் மேலே யாராவது நடந்தால் கீழே கேட்கும், குளியலறையைப் பிற்காலத்தில் சேர்த்திருப்பார்கள், சிறியதாக இருக்கும். லேசான தூக்கக்காரர்கள் தெருப்பக்கம் இல்லாமல் பின்பக்க அறை கேட்டு வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முக்கியமான தெருவுக்குள் மோட்டார் வண்டி வராது. டிரைசைக்கிள் தெருமுனையோடு நின்றுவிடும். கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்தால் சக்கரம் கழன்றுவிடும். முதுகுப்பையே மேல். காலுக்குத் தட்டையான, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும்.

முதல் நாள் காலை: தெருவில் நடங்கள்

பேருந்தில் விடிகாலை வந்து இறங்கியிருந்தால் அறை தயாராக இருக்காது. அதுவும் நல்லதுதான். பையை விடுதியில் போட்டுவிட்டு நேராக காயே கிரிசோலோகோவுக்குப் போங்கள். படங்களில் எல்லாரும் பார்க்கிற தெரு அது. அரை கிலோமீட்டர் நீளம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய மாடிவீடுகள். ஆறு மணிக்கு நீங்களும் பெருக்குகிறவர்களும் குதிரைகளும் மட்டும்தான். ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடும், வாசலில் சட்டையும் சாவிவளையமும் தொங்கத் தொடங்கும், அப்புறம் வீட்டு முகப்பு கண்ணில் படாது.

முதல் தடவை வேகமாக நடந்து முடித்துவிடுங்கள். பிறகு திரும்பி வரும்போது ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நில்லுங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால்தான் நிற்கத் தோன்றும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகை வீட்டுக்கு பாஹாய் நா பாத்தோ என்று பெயர், 'கல் வீடு' என்று அர்த்தம். பெயரில்தான் கல். விகனில் பெரும்பாலும் செங்கல்லும் அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சும். பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் வரிசையைத் தொட்டுப் பார்க்கலாம். கீழ்த்தளச் சுவர் எவ்வளவு தடிமன் என்பதைக் கதவு நிலையில் பாருங்கள். கீழே யாரும் குடியிருக்கவில்லை. புகையிலை, அவுரி, நெல் எல்லாம் அடுக்கும் கிடங்கு அது. குடும்பம் வாழ்ந்தது மாடியில். ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் அதுதான் பாதுகாப்பு.

வாசலில் பெரிய இரட்டைக்கதவு, அதற்குள்ளேயே ஆள் நுழைய ஒரு குட்டிக் கதவு. பெரியதைத் திறப்பது குதிரை வண்டி உள்ளே வருவதற்காக. உள்ளே வண்டி நிற்கும் அந்தக் கூடத்துக்கு சாகுவான் என்று பெயர்.

இப்போது தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். சன்னல்கள் திறப்பதற்கு வெளியே விரியாமல் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி இருக்கும். சிறுசிறு சதுரக் கட்டங்களில் கண்ணாடிக்குப் பதிலாக காப்பீஸ் என்ற தட்டையான கடல்சிப்பியின் ஓடு. வெளிச்சம் வரும், வெயில் உறைக்காது. உள்ளே நின்று பார்த்தால் அந்த வெளிச்சம் பால் கலந்தாற்போல இருக்கும். சன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல இன்னொரு சிறு திறப்பு வரிசை தெரிகிறதா? அதன் பெயர் வெந்தானில்யா. மழைக்காகப் பெரிய சன்னலைச் சாத்தினாலும் கீழே இது திறந்திருக்கும், காற்று தரையோடு ஓடும். மதியத்தில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று. இது நிலநடுக்கப் பூமி. பல வீடுகளில் மாடியையும் கூரையையும் தாங்குவது சுவர் இல்லை, உள்ளே நிற்கும் மரத்தூண்கள். சுவர் விழுந்தாலும் வீடு நிற்க வேண்டும் என்ற கணக்கு. 2022 ஜூலை 27ல் பக்கத்து அப்ரா மாகாணத்தை மையமாகக் கொண்டு 7.0 அளவில் நிலம் குலுங்கியது. விகனின் பழைய வீடுகளில் பூச்சு விழுந்தது, சுவர்கள் பிளந்தன. புதுப்பூச்சு பூசிய இடங்களைப் பார்த்தால் அது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இந்த வீடுகளைக் கட்டியது யார்? ஸ்பானியப் பிரபுக்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை சீன வம்சாவளி வணிகர்களின் வீடுகள். தென்சீனத்திலிருந்து கடல்வழியாக வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இப்படிக் கலப்பு வம்சத்தில் பிறந்தவர்களை மெஸ்டிஸோ என்பார்கள். இந்தத் தெருக்களுக்கே 'மெஸ்டிஸோக்கள் வாழும் பகுதி' என்ற பொருளில்தான் பெயர். அதனால் ஓடு, மாடம், கைப்பிடி, கதவு என்று எதை எடுத்தாலும் ஸ்பானியக் கை எங்கே முடிந்து சீனக் கையும் இலோகோஸ் மக்களான இலோகானோக்களின் கையும் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

எப்படி இவ்வளவும் தப்பியது என்று நிச்சயம் கேட்பீர்கள். மணிலாவின் மதில்நகரமான இந்த்ராமுரோஸ் 1945ல் நடந்த போரில் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. விகன் அழியவில்லை. பின்வாங்கிய ஜப்பானிய அதிகாரி ஒருவர், இங்கே மணந்துகொண்ட பெண்ணையும் குழந்தையையும் ஒரு பாதிரியாரிடம் ஒப்படைத்தார், அவர்களைக் காப்பாற்றுவதற்கு ஈடாக ஊரைக் கொளுத்தாமல் போனார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கேட்க மனம் இளகும். ஆனால் அதைவிட மெதுவான ஒரு காரணமும் உண்டு. கடலோடு இணைத்த ஆற்றில் மண் சேர்ந்து தூர்ந்துபோனது, கப்பல் வணிகம் நின்றது. இலோகோஸ்காரர்கள் 1906 முதல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு மணிலாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். இடித்துக் கட்டக் கையில் காசும் இல்லை, ஆளும் இல்லை. ஊர் அப்படியே நின்றது. பாழாகிக்கொண்டிருந்ததை 1990களில் நகராட்சியும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து பழுதுபார்த்தார்கள். அந்த வேலையை முன்மாதிரி என்று 2012ல் யுனெஸ்கோ பாராட்டியது.

சதுக்கம், பேராலயம், ஒரு சென்னைத் தொடர்பு

தெருவிலிருந்து சில நிமிட நடையில் சால்செதோ சதுக்கம். ஊரை நிறுவிய ஹுவான் தே சால்செதோவின் பெயர். பிலிப்பைன்ஸை ஸ்பெயினுக்காகப் பிடித்த லெகாஸ்பியின் பேரன் அவர். ஊருக்கு அவர் வைத்த பெயர் பில்யா பெர்னாந்தினா. அரசரின் மகன் பெர்னாந்தோவின் நினைவாக. அது நிலைக்கவில்லை. ஆற்றோரம் மண்டிக் கிடந்த, சேம்பு இனத்தைச் சேர்ந்த பீகா என்ற செடியின் பெயர்தான் நிலைத்தது.

சதுக்கத்தை ஒட்டிப் புனித பவுல் பேராலயம். இப்போது நிற்பது 1790க்கும் 1800க்கும் இடையில் எழுந்தது. முந்தைய கோயில்கள் நிலநடுக்கத்திலும் தீயிலும் போய்விட்டன. பக்கச் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் பருத்த தூண்கள், குள்ளமான அகன்ற உடல். மணிக்கூண்டு மட்டும் கோயிலோடு ஒட்டாமல் 15 மீட்டர் தள்ளி நிற்கிறது. சரிந்தாலும் கோயில்மேல் விழாது. வழிபாட்டு நேரத்தில் படம் எடுக்காதீர்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

இந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1762ல் ஆங்கிலேயக் கப்பற்படை ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியது. வில்லியம் டிரேப்பர் தலைமையில் படைவீரர்களும், நம் பக்கத்துச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மணிலா அவர்கள் கையில் விழுந்தது. ஸ்பானியர்கள் தோற்கடிக்க முடியாதவர்கள் என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது. விகனுக்கும் மணிலாவுக்கும் இடையே தபால் சுமந்துகொண்டிருந்த தியேகோ சிலாங் என்ற இலோகானோ, வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளம்பி விகனைப் பிடித்து, சுதந்திர இலோகோஸின் தலைநகரம் என்று அறிவித்தார். 1763 மே 28ல் நண்பர் ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் மனைவி கபிரியேலா சிலாங் மலைக்குப் போய்ப் படை திரட்டித் திரும்பி வந்து விகனைத் தாக்கினார். தோற்றுப் பிடிபட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 20ல் இதே ஊரின் சதுக்கத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சென்னையிலிருந்து போன சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பவே இல்லை, மணிலாவுக்குக் கிழக்கே கையிந்தா என்ற ஊரில் தங்கிக் கலந்துவிட்டார்கள். எனக்கு இது தெரிந்த பிறகு அந்தச் சதுக்கத்தில் வெறும் பயணியாக உட்கார முடியவில்லை.

சாயங்காலம் அதே இடத்தில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று காட்டுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பொழுது. ஊர்க்குடும்பங்கள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

மதியம்: நிழலுக்குள் போங்கள்

பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் திரியாதீர்கள். அருங்காட்சியகங்களை அந்த நேரத்துக்கு வையுங்கள். சில இடங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மூடுவதுண்டு, காலையிலேயே வாசலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். என் தேர்வு இது. தேசிய அருங்காட்சியகத்தின் விகன் கிளைக்கு முதலில் போங்கள், நுழைவு இலவசம். பழைய மாகாணச் சிறையும் பாதிரியார் ஹோசே புர்கோஸ் பிறந்த வீடும் அதைச் சேர்ந்தவை. உள்ளூர்க் குருமார்களின் உரிமைக்காகப் பேசியவர் புர்கோஸ். அதற்காக 1872 பிப்ரவரி 17ல் இன்னும் இரண்டு பாதிரியார்களோடு கொல்லப்பட்டார். அந்தச் சிறையில்தான், கைதியாக அல்ல, சிறை அதிகாரியின் பிள்ளையாக, நாட்டின் ஆறாவது குடியரசுத் தலைவர் எல்பிதியோ கிரீனோ 1890ல் பிறந்தார். அங்கே எஸ்தெபான் வில்யனுவேவா 1821ல் வரைந்த 14 ஓவியங்களின் வரிசையைத் தவறவிடாதீர்கள். பாஸி என்பது இந்தப் பக்கத்துக் கரும்பு மது. அதை மக்கள் தாங்களே காய்ச்சக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1807ல் கலகம் வெடித்தது. அந்தக் கலகத்தையும், அதை அடக்கியதையும், தலைகளை வெட்டி வைத்ததையும் படம் படமாக வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் பாருங்கள்.

அடுத்து சீக்கியா மாளிகை. கிரீனோவின் மனைவி அலீசியா பிறந்த குடும்பத்தின் வீடு. மேலே நான் விவரித்த வீட்டமைப்பு முழுவதையும் உள்ளேயிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அலீசியாவும் அவர் பிள்ளைகளில் மூவரும் 1945 மணிலாப் போரில் இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்த நாற்காலிகளையும் கட்டில்களையும் பார்ப்பது வேறு.

நேரம் இருந்தால் கிரிசோலோகோ அருங்காட்சியகம். கொஞ்சம் நடந்தால் லியோனா புளோரெந்தினோவின் வீடு. 1849ல் விகனில் பிறந்த கவிஞர் அவர், இலோகானோவிலும் ஸ்பானிஷிலும் எழுதியவர். பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. 1887ல் மாட்ரிட் கண்காட்சியில் அவர் கவிதைகள் வைக்கப்பட்டன. அவர் அதைப் பார்க்கவில்லை, மூன்று வருடம் முன்பே இறந்திருந்தார்.

இரண்டாம் நாள்: சூளையும் தறியும்

கலேசா என்ற குதிரை வண்டியை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நடந்து பழகிய பிறகு ஏறினால் எங்கே போகிறோம் என்று தெரியும். மணிக்கணக்கில் வாடகை. ஏறுவதற்கு முன்பே மூன்றைப் பேசி முடியுங்கள்: மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், எங்கெங்கே. நினைவுப்பொருள் கடை வேண்டாம், சூளைக்கும் தறிக்கும் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குதிரையையும் ஒரு பார்வை பாருங்கள். விலா எலும்பு தெரிகிற குதிரை, நிழலில்லாமல் நிற்கிற குதிரை என்றால் அடுத்த வண்டிக்குப் போங்கள். ஐந்து பேர் ஒரே வண்டியில் நெருக்கிக்கொண்டு ஏறாதீர்கள்.

நகரின் தென்மேற்கு மூலையில் பாக்புர்னாயன். புர்னாய் என்றால் சாம்பல் கறுப்பாகச் சுட்ட கனமான மண்ஜாடி. சீனக் குடியேறிகள் கொண்டுவந்த தொழில் என்பார்கள். களிமண்ணை எருமையை விட்டு மிதிக்க வைப்பார்கள். பிறகு சக்கரத்தில் வனைந்து, நீண்ட குகை மாதிரியான சூளையில் அடுக்கி, மிக அதிகமான சூட்டில் சுடுவார்கள். தண்ணீர் கசியாத, கல் போன்ற ஜாடி கிடைக்கும். அதில்தான் காடி, மீன் உப்புக்குழம்பு, பாஸி எல்லாம் ஊறுகின்றன. வனைகிறவர் சக்கரத்தில் கைவைத்துப் பார்க்கக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் உட்காருங்கள். கிளம்பும்போது ஒரு சின்ன ஜாடியாவது வாங்குங்கள். பார்வையாளர்கள் படம் எடுத்துக்கொண்டு சும்மா போனால் இந்தச் சூளை எத்தனை நாள் எரியும்?

தறி பார்க்க காமங்கான், மிந்தோரோ பக்கம் போங்கள். இங்கே நெய்யும் பருத்தித் துணிக்கு ஆபெல் என்று பெயர். மரத்தறி, கால்மிதி, ஓடம் என்று எல்லாம் கையால்தான். பினாக்கோல் என்ற கோலத்தைக் கேட்டுப் பாருங்கள். நேர்கோடும் சதுரமும்தான், ஆனால் உற்றுப் பார்த்தால் துணி சுழல்கிற மாதிரி கண்ணை ஏமாற்றும். சூறைக்காற்றைக் குறிக்கும் வடிவம் அது. காயே கிரிசோலோகோ கடைகளில் ஆபெல் என்று விற்பவற்றில் இயந்திரத் துணியும் கலந்திருக்கும். தறி வீட்டிலேயே வாங்கினால் அந்தச் சந்தேகம் இல்லை, காசும் நெய்தவர் கைக்கே போகும். மேசைவிரிப்பும் போர்வையும் பல வருடம் உழைக்கும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். பேரம் பேசலாம், ஆனால் ஒரு போர்வைக்கு எத்தனை நாள் ஆனது என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு எனக்குப் பேரம் பேசத் தோன்றவில்லை.

சாப்பாடு

புர்கோஸ் சதுக்கத்தில் எம்பனாடா கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி மாவை மெல்லிசாகத் தட்டி, துருவிய பச்சைப் பப்பாளி, லொங்கானீசா என்ற பூண்டு மணக்கும் சிறு பன்றி இறைச்சி சாசேஜ், மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, சோமாசி மாதிரி மடித்து எண்ணெயில் போடுவார்கள். மேல்மாவின் ஆரஞ்சு நிறம் ஒரு விதையிலிருந்து வருவது. சுடச்சுட வாங்கி, ஓரத்தைக் கடித்து, உள்ளே கரும்புக் காடியை விட்டுச் சாப்பிட வேண்டும். ஆறினால் அது வேறு பண்டம்.

காலையில் லொங்கானீசாவும் பூண்டுச் சோறும். மதியத்தில் பக்னெட், அதாவது திரும்பத் திரும்பப் பொரித்துத் தோல் மொறுமொறுவென்று ஆன பன்றி இறைச்சி. இந்த ஊர்ச் சமையலில் பன்றி எங்கும் இருக்கும், வேண்டாதவர்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டே வாங்க வேண்டும்.

மரக்கறிக்காரர்கள் கவனிக்க வேண்டியது பினக்பெட். பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி என்று பார்த்தவுடன் நம் சாப்பாடு போலவே இருக்கும். ஆனால் அதன் உப்பே பகூங் என்ற நொதிக்கவைத்த மீன் குழம்புதான். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் அது வந்துவிடும். 'வலாங் கார்னே, வலாங் இஸ்தா, வலாங் பகூங்' என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, மீன், பகூங் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பொக்கி-பொக்கி இருக்கிறது. சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்து, தக்காளி, வெங்காயத்தோடு வதக்கி முட்டை ஊற்றிக் கிளறுவது. சோற்றோடு பிரமாதம். சுத்த சைவம் என்றால் சோறு, பழம், காய்கறி தனியாகச் செய்து தரக் கேட்க வேண்டியிருக்கும். எண்ணெய்ச் சட்டி பொதுவானதுதான் என்பதை மனதில் வையுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் பையில் இருந்தால் கவலையில்லை.

பேசும் விதம்

ஆங்கிலம் எல்லா இடத்திலும் எடுபடும். ஆனாலும் வயதில் மூத்த ஆணை மானோங், பெண்ணை மானாங் என்று கூப்பிட்டுப் பாருங்கள். அண்ணா, அக்கா என்பது போல. பெரியவர்களிடம் பேசும்போது கடைசியில் 'அப்போ' சேர்த்தால் நம் 'ஐயா', 'அம்மா' மாதிரி மரியாதை. நன்றிக்கு 'அக்யாமனாக்'. தறி வீட்டில் இந்த நாலு சொல் சொன்னதற்கே எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கதவு திறந்திருக்கிறதே என்று எந்த வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். வாசலில் நின்று கூப்பிடுங்கள். மாடிச் சன்னலில் நிற்கும் ஆளைப் படம் எடுக்க வேண்டும் என்றால் கையைக் காட்டிக் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சிறு நோட்டுகளாகப் பெசோ வைத்திருங்கள். சூளை, தறி, எம்பனாடா, கலேசா எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் நடைமுறை.

கிளம்பும் நாள்

பக்கத்து ஊரான பந்தாய்க்கு டிரைசைக்கிளில் சில நிமிடம். தேவாலயத்துக்கு எதிரே குன்றின்மேல் 1591ல் எழுந்த செங்கல் மணிக்கூண்டு இருக்கிறது, முதலில் எதிரி வருகிறானா என்று பார்க்கும் காவல்கோபுரமாகவும் இருந்தது. 2022 நிலநடுக்கத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மேலே ஏறலாமா என்று அன்றைக்கு அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டாலும் குன்றின் காற்றுக்காகப் போகலாம்.

மணிலாவுக்குப் பகலில் திரும்புகிறவர்கள் வழியில் சாந்தா மரியாவில் இறங்கலாம். விகனுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். குன்றின்மேல் கோட்டை மாதிரி நிற்கும் அந்தத் தேவாலயம் 1993லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கீழிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட படிகள். பெரிய பையோடு ஏற வேண்டாம், கீழே கடையில் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். நெடுஞ்சாலையில் கைகாட்டினால் அடுத்த பேருந்து நிற்கும், ஆனால் இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் மாலை விமானத்துக்குப் போகிற நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தையில் கடைசியாக இரண்டு வாங்குங்கள். சினாய்த் பக்கத்தில் விளையும் சின்னப் பல் பூண்டு ஒரு கொத்து, வழியிலேயே உங்கள் பை முழுக்க மணக்கும். இன்னொன்று கரும்புக் காடி ஒரு புட்டி. மூடியைச் சுற்றி நன்றாக டேப் ஒட்டி, வாங்கிய ஆபெல் துணியில் சுற்றாமல் வேறு ஏதாவது பழைய துணியில் சுற்றி, விமானத்தில் கீழே போகிற பெட்டியில் வையுங்கள். பூண்டை உங்கள் நாட்டுச் சுங்கத்தில் அனுமதிப்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மணிலாவில் தங்கும் வீட்டில் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.